மனதில் நினைத்த எண் எப்படி வெளியே வருகிறது?

1 முதல் 100 வரை ஏதாவது ஓர் எண்ணை ஒருவர் மனதில் நினைத்துக்கொள்ளட்டும். ஆமாம், இல்லை என்று மட்டும் அவர் பதில் சொன்னால் போதும், ஏழே கேள்விகளில் அந்த எண்ணைக் கண்டுபிடித்துவிடலாம். எப்போதும் முடியும், அதிர்ஷ்டம் தேவையில்லை.

ஏடிஎம் கார்டின் நான்கு இலக்க பின் நம்பரும் ஒருவர் மனதில் வைத்திருக்கும் எண்தான். 0000 முதல் 9999 வரை மொத்தம் 10,000 எண்கள். மேலே சொன்ன விளையாட்டின் கணக்குப்படி பதினான்கு கேள்விகளில் அது வெளியே வந்துவிட வேண்டும். அப்படியானால் அதை நம்பி எப்படிப் பணத்தை வங்கியில் வைத்திருக்கிறோம்? ஓடிபி வெறும் ஆறு இலக்கம்தானே, திருடனே அதை ஊகித்துவிட மாட்டானா? மோசடிச் செய்தி வரும்போதெல்லாம் இந்தச் சந்தேகங்கள் எழுகின்றன. இவை எல்லாவற்றுக்கும் விடை, ஊகிப்பவருக்கு எந்த மாதிரியான பதில் கிடைக்கிறது என்பதில் இருக்கிறது. அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

பாதி பாதியாக வெட்டுவது

நினைத்த எண் 68 என்று வைத்துக்கொள்வோம். கேட்பவருக்கு அது தெரியாது. அவர் இப்படிக் கேட்கிறார்:

1. 50க்கு மேலா? ஆமாம். மிச்சம் 51 முதல் 100 வரை.
2. 75க்கு மேலா? இல்லை. மிச்சம் 51 முதல் 75 வரை.
3. 63க்கு மேலா? ஆமாம். மிச்சம் 64 முதல் 75 வரை.
4. 69க்கு மேலா? இல்லை. மிச்சம் 64 முதல் 69 வரை.
5. 66க்கு மேலா? ஆமாம். மிச்சம் 67, 68, 69.
6. 68க்கு மேலா? இல்லை. மிச்சம் 67, 68.
7. 67க்கு மேலா? ஆமாம். எண் 68.

ஒவ்வொரு பதிலும் பட்டியலைக் கிட்டத்தட்ட பாதியாக வெட்டிவிடுகிறது. திருப்பிச் சொன்னால், ஒவ்வொரு கூடுதல் கேள்வியும் பிடிக்கக்கூடிய எண்களின் அளவை இரட்டிப்பாக்குகிறது. ஒரு கேள்வியால் இரண்டு எண்களைப் பிரிக்கலாம், இரண்டு கேள்விகளால் நான்கை, மூன்றால் எட்டை. ஏழு கேள்விகளுக்கு 128. நூறு எண்கள் அதற்குள் அடங்கிவிடுகின்றன. பத்துக் கேள்விகளுக்கு 1,024. இருபது கேள்விகளுக்கு 10,48,576, அதாவது பத்து லட்சத்துக்கும் சற்று மேல். இந்தியாவின் சுமார் 140 கோடிப் பேருக்கும் ஆளுக்கொரு எண் கொடுத்துவிட்டு, அதில் ஒருவரை மனதில் நினைத்துக்கொண்டால், 31 கேள்விகளில் அவரைக் கண்டுபிடித்துவிடலாம். 30 கேள்விகள் 107 கோடியோடு நின்றுவிடும், 31 கேள்விகள் 214 கோடி வரை எட்டும்.

இப்படிப் பாதியாக வெட்டும் ஒரு பதிலின் அளவுக்குத்தான் 'பிட்' என்று பெயர். அமெரிக்கக் கணிதவியலாளர் கிளாட் ஷானன் 1948-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, தகவலை இந்த அலகால் அளக்கலாம் என்று காட்டியது. பிட் என்ற சொல்லைத் தனக்குச் சொன்னவர் ஜான் டூக்கி என்று ஷானனே அதில் குறிப்பிட்டிருக்கிறார். இன்று நாம் போனில் ஜிபி கணக்கில் வாங்கும் டேட்டாவும் இதே ஆமாம்/இல்லை பதில்களின் குவியல்தான்.

இங்கே கவனிக்க வேண்டியது கேள்வியின் தரம். "50க்கு மேலா?" என்பதும் "இரட்டைப்படையா?" என்பதும் ஒரே அளவு நல்ல கேள்விகள், இரண்டும் சரிபாதியாகப் பிரிக்கின்றன. "உங்கள் எண் 7ஆ?" என்பது மோசமான கேள்வி. நூற்றில் 99 தடவை 'இல்லை' என்ற பதில்தான் வரும், அந்த 'இல்லை'யால் ஒரே ஓர் எண்தான் பட்டியலிலிருந்து நீங்கும். கடைசிவரை இந்த வேறுபாட்டை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

ஒன்றுமே கேட்காமல் சொல்கிறார்களே?

பள்ளிக்கூடத்தில் எல்லோரும் விளையாடிய ஒன்று உண்டு. "மனசுல ஒரு நம்பர் நெனச்சுக்கோ. அதே அளவு உன் ஃபிரண்டு குடுத்தான். நான் ஒரு பத்து குடுத்தேன். மொத்தத்துல பாதிய கோயிலுக்குப் போட்டுடு. ஃபிரண்டுகிட்ட வாங்கினதைத் திருப்பிக் குடுத்துடு. கையில அஞ்சு இருக்கா?" இருக்கும், எப்போதும் ஐந்துதான் இருக்கும். நினைத்த எண்ணும் நண்பன் தந்ததும் சேர்ந்து இரண்டு மடங்கு, அதோடு பத்து. பாதி போனால் நினைத்த எண்ணும் ஐந்தும். நண்பனுக்குத் திருப்பிக் கொடுத்ததும் நினைத்த எண் கணக்கிலிருந்தே போய்விடுகிறது. கேட்டவருக்குக் கடைசிவரை அந்த எண் தெரியாது, தான் கொடுத்த பத்தில் பாதிதான் தெரியும். ஒரு பதிலும் கொடுக்காதவரை ஒரு எண்ணும் வெளியே வராது.

பின் நம்பருக்கு என்ன காவல்?

இப்போது ஏடிஎம்முக்கு வருவோம். 10,000 எண்களை அடக்க 14 நல்ல கேள்விகள் போதும் (13 கேள்விகளுக்கு 8,192, 14 கேள்விகளுக்கு 16,384). ஆனால் ஏடிஎம் இயந்திரத்திடம் "இந்தக் கார்டின் பின் 5000க்கு மேலா?" என்று கேட்க முடியாது. "1234ஆ?" என்றுதான் கேட்க முடியும். உலகத்திலேயே மோசமான அந்தக் கேள்வியை மட்டும்தான் இயந்திரம் அனுமதிக்கிறது. அதைக் கேட்டுக்கொண்டே போனால் சராசரியாக 5,000 முறை முயல வேண்டும். பொதுவாக மூன்று தவறான முயற்சிக்குப் பிறகு கார்டு தற்காலிகமாக முடக்கப்படும். எண் முழுக்கக் குருட்டாம்போக்கில் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தால், மூன்று முயற்சியில் அது மாட்டும் வாய்ப்பு பத்தாயிரத்தில் மூன்று.

ஆக, நான்கே இலக்கம் நம்மைக் காப்பாற்றுவதற்கு மூன்று நிபந்தனைகள் நிறைவேற வேண்டும்:

1. ஊகிப்பவருக்கு "முழு எண்ணும் சரி" அல்லது "தவறு" என்ற பதிலைத் தவிர வேறெதுவும் கிடைக்கக் கூடாது.
2. முயற்சிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு இருக்க வேண்டும்.
3. 10,000 எண்களில் எதுவும் மற்றதைவிட அதிக வாய்ப்புள்ளதாக இருக்கக் கூடாது.

முதல் நிபந்தனை உடைந்தால் என்ன ஆகும் என்பதை ஒரு சூட்கேஸை வைத்தே பார்த்துவிடலாம். மூன்று சக்கரப் பூட்டு, 000 முதல் 999 வரை ஆயிரம் எண்கள். பூட்டு பழசாகி, ஒரு சக்கரம் சரியான எண்ணுக்கு வரும்போது விரலுக்கு லேசாகச் சிக்குவதுபோல் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் சக்கரத்தை மட்டும் சுற்றுகிறோம், அதிகம் போனால் பத்து நிலைகள். சிக்கிய இடத்தில் நிறுத்துகிறோம். அப்புறம் அடுத்த சக்கரம், அதற்கும் பத்து. மூன்றாவதற்கும் பத்து. 10 × 10 × 10 என்று இருக்க வேண்டிய வேலை 10 + 10 + 10 ஆகிவிட்டது, ஆயிரம் முப்பதாகிவிட்டது. பூட்டில் எண் மாறவில்லை, இலக்கம் குறையவில்லை. பூட்டு கொஞ்சம் கூடுதலாகப் பேசிவிட்டது, அவ்வளவுதான்.

கணினி உலகில் இதற்கு இரண்டு பெரிய உதாரணங்கள் உண்டு.

வைஃபை ரவுட்டர்

நீண்ட பாஸ்வேர்டு தட்டாமல் சாதனங்களை ரவுட்டரோடு இணைப்பதற்காக டபிள்யூபிஎஸ் என்ற வசதி வந்தது. ரவுட்டரின் ஸ்டிக்கரில் இருக்கும் எட்டு இலக்க எண்ணைக் கொடுத்தால் போதும். கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது, மற்ற ஏழிலிருந்து கணக்கிட்டு எடுத்துவிடலாம். மிச்சம் ஏழு இலக்கம், அதாவது ஒரு கோடி எண்கள். இதற்கு மேல் என்ன பாதுகாப்பு வேண்டும் என்றுதான் தோன்றும்.

2011 டிசம்பரில் ஸ்டெஃபான் ஃபீபெக் என்ற ஆய்வாளர் இதன் ஓட்டையை வெளியிட்டார். ரவுட்டர் அந்த எண்ணை இரண்டு துண்டாகச் சரிபார்த்தது. முதல் நான்கு இலக்கம் தவறாக இருந்தால், அந்தக் கட்டத்திலேயே 'தவறு' என்று சொல்லிவிட்டது. சூட்கேஸ் சக்கரம் சிக்கிய அதே கதை. முதல் பாதிக்கு அதிகபட்சம் 10,000 முயற்சி, இரண்டாம் பாதியின் மூன்று இலக்கத்துக்கு 1,000. மொத்தம் 11,000. ஒரு கோடி 11,000 ஆனது. பல ரவுட்டர்களில் தவறான முயற்சிக்கு வரம்பும் இல்லாததால் இரண்டாவது நிபந்தனையும் சேர்ந்து உடைந்தது. சில மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். இந்த வசதியை ரவுட்டரில் அணைத்துவைக்கச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

வங்கியின் இரும்புப் பெட்டி

என்னைப் பொறுத்தவரை இன்னும் ஆழமான பாடம் 2003-ல் வந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் மைக் பாண்ட், பியோட்டர் ஜீலின்ஸ்கி இருவரும் வங்கிகளுக்கு உள்ளே பின் நம்பரைச் சரிபார்க்கும் முறையை ஆராய்ந்தார்கள்.

அந்தச் சரிபார்ப்பு சாதாரணக் கணினியில் நடப்பதில்லை. திறக்க முயன்றால் தன் ரகசியங்களை அழித்துக்கொள்ளும் தனிப் பெட்டி ஒன்றில் நடக்கிறது. வங்கியின் சொந்தப் புரோகிராமர்களுக்குக்கூட பின் நம்பர் தெரியக் கூடாது என்பதே நோக்கம். பெட்டி என்ன செய்யும்? கணக்கு எண்ணை ஒரு ரகசியச் சாவியால் குலைத்து, வரும் விளைவின் முதல் நான்கு குறிகளை எடுத்துக்கொள்ளும். அந்தக் குறிகள் 0 முதல் 9 வரையும் ஏ முதல் எஃப் வரையும் மொத்தம் பதினாறு வகை. ஏடிஎம் பொத்தானில் எழுத்துகள் இல்லையே, அதனால் ஏ என்றால் 0, பி என்றால் 1 என்று ஒரு மாற்றுப் பட்டியலை வைத்து எல்லாவற்றையும் எண்ணாக்கும். அப்புறம் வாடிக்கையாளர் தட்டிய எண்ணோடு ஒப்பிட்டு 'சரி' அல்லது 'தவறு' என்று சொல்லும்.

சாவி ரகசியம். மாற்றுப் பட்டியல் ரகசியம் இல்லை, அதைப் பெட்டிக்கு வெளியிலிருந்தே அனுப்பலாம். அதில்தான் எல்லாம் கெட்டது. உள்ளே வேலை செய்யும் ஒருவர், 7 ஆக மாறவேண்டிய குறியை மட்டும் 1 ஆக்கி, மற்ற எல்லாவற்றையும் 0 ஆக்கும் போலிப் பட்டியலை அனுப்புகிறார். கூடவே 0000 என்ற எண்ணைச் சரிபார்க்கச் சொல்கிறார். பெட்டி 'சரி' என்றால் இந்தப் பின் நம்பரில் 7 இல்லை. 'தவறு' என்றால் எங்கேயோ ஒரு 7 இருக்கிறது. "1234ஆ?" என்று மட்டும் கேட்க முடிந்த இடத்தில் "உனக்குள் 7 இருக்கிறதா?" என்று கேட்க வழி கிடைத்துவிட்டது. மோசமான கேள்வி நல்ல கேள்வியாக மாறிவிட்டது.

இப்படிப் பத்து இலக்கத்தையும் கேட்டால் எந்தெந்த இலக்கம் உள்ளே இருக்கிறது என்று தெரிந்துவிடும். நான்கும் வேறு வேறாக இருந்தால் 24 வரிசைகள்தான் மிச்சம். முந்தைய பதிலைப் பார்த்து அடுத்த கேள்வியை அமைத்துக்கொண்டே போனால், சராசரியாக 15 முயற்சியில் ஒரு பின் நம்பர் முழுதாக வந்துவிடும் என்று இருவரும் காட்டினார்கள். வங்கி எதிர்பார்த்த எண்ணிக்கை 5,000. அரை மணி நேர மதிய உணவு இடைவேளையில் பழைய முறையில் 24 பின் நம்பர்களை எடுக்கக்கூடிய ஒருவர், இந்த முறையில் சுமார் 7,000 எடுக்கலாம் என்பது அவர்களின் கணக்கு.

அந்த 15 என்ற எண்ணைப் பாருங்கள். பாதி பாதியாக வெட்டும் விளையாட்டில் 10,000 எண்களுக்குத் தேவை என்று நாம் பார்த்தது 14. வங்கியின் இரும்புப் பெட்டி கிட்டத்தட்ட அந்த விளையாட்டுக்கே வந்து உட்கார்ந்துவிட்டது. பெட்டியின் கவசத்தையோ சாவியையோ யாரும் உடைக்கவில்லை.

பொய் சொன்னால் தப்பிக்கலாமா?

இதுவரை பதில்கள் எல்லாம் உண்மை என்றே எடுத்துக்கொண்டோம். நினைத்தவர் இடையில் ஒரு பொய் சொன்னால்? 68 விளையாட்டில் முதல் கேள்விக்கே 'இல்லை' என்று சொல்லியிருந்தால், கேட்பவர் 1 முதல் 50 வரை தேடித் தேடித் தோற்றிருப்பார்.

ஹங்கேரியக் கணிதவியலாளர் ஆல்ஃபிரட் ரென்யி 1961-ல் இந்த வகைக் கேள்வியை எழுப்பினார். போலந்து-அமெரிக்கக் கணிதவியலாளர் ஸ்டானிஸ்லாவ் உலாம் 1976-ல் வெளிவந்த தன்வரலாற்றில் இதைத் தெளிவாகக் கேட்டார்: 1 முதல் பத்து லட்சம் வரை ஓர் எண், ஆமாம்/இல்லை பதில், அதில் ஒரு பொய்க்கு அனுமதி உண்டு. எத்தனை கேள்வி வேண்டும்? பொய்யே இல்லாவிட்டால் 20. ஒரு பொய் இருந்தால் 25 என்று ஆந்த்ரே பெல்ஸ் 1987-ல் நிரூபித்தார். எந்தக் கேள்வியில் பொய் சொல்வார் என்று தெரியாத நிலையிலும் ஐந்து கூடுதல் கேள்விகள்தான்.

எப்படி முடிகிறது என்பதை சிறிய அளவில் கையாலேயே செய்து பார்க்கலாம். 0 முதல் 15 வரை ஓர் எண். ஏழு கேள்விகள். அதிகபட்சம் ஒரு பொய்.

1. 8 அல்லது அதற்கு மேலா?
2. 4, 5, 6, 7, 12, 13, 14, 15 இவற்றில் ஒன்றா?
3. 2, 3, 6, 7, 10, 11, 14, 15 இவற்றில் ஒன்றா?
4. ஒற்றைப்படையா?
5. 2, 3, 4, 5, 8, 9, 14, 15 இவற்றில் ஒன்றா?
6. 1, 3, 4, 6, 8, 10, 13, 15 இவற்றில் ஒன்றா?
7. 1, 2, 5, 6, 8, 11, 12, 15 இவற்றில் ஒன்றா?

முதல் நான்கு பதில்களே எண்ணைச் சொல்லிவிடும்: ஆமாம் என்ற பதில்களுக்கு முறையே 8, 4, 2, 1 என்று கூட்ட வேண்டும். கடைசி மூன்றும் காவல் கேள்விகள்.

நினைத்தது 11, மூன்றாவது கேள்வியில் பொய் என்று வைத்துக்கொள்வோம். பதில்கள்: ஆமாம், இல்லை, இல்லை, ஆமாம், இல்லை, இல்லை, ஆமாம். முதல் நான்கைக் கூட்டினால் 8 + 1 = 9. இப்போது 9 சரிதானா என்று காவல் கேள்விகளிடம் கேட்போம். ஐந்தாவது பட்டியலில் 9 இருக்கிறது, பதிலோ 'இல்லை'. முரண்பாடு. ஆறாவதில் 9 இல்லை, பதிலும் 'இல்லை'. ஒத்துப்போகிறது. ஏழாவதில் 9 இல்லை, பதிலோ 'ஆமாம்'. முரண்பாடு. ஐந்தும் ஏழும் முரண்பட்டால் பொய் மூன்றாவது கேள்வியில். அதைத் திருப்பினால் 8 + 2 + 1 = 11.

மற்ற சேர்க்கைகளும் இப்படியே: ஐந்தும் ஆறும் முரண்பட்டால் பொய் இரண்டாவதில், ஆறும் ஏழும் என்றால் நான்காவதில், மூன்றுமே முரண்பட்டால் முதல் கேள்வியில். ஒரே ஒரு காவல் கேள்வி மட்டும் முரண்பட்டால், பொய் அந்தக் கேள்விக்கேதான் சொல்லப்பட்டிருக்கிறது. 16 எண்கள், ஒவ்வொன்றுக்கும் எட்டு வாய்ப்பு (பொய்யே இல்லை, அல்லது ஏழில் ஒன்று பொய்), மொத்தம் 128. ஏழு ஆமாம்/இல்லைகள் அடக்குவதும் சரியாக 128. ஒன்றுகூட மீறாமல், ஒன்றுகூட வீணாகாமல் பொருந்தும் இந்த இடம் எத்தனை தடவை பார்த்தாலும் வியக்க வைக்கிறது.

இந்த அமைப்பைக் கண்டுபிடித்தவர் விளையாட்டுக்காகச் செய்யவில்லை. பெல் ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஹாமிங் வார இறுதியில் கணக்குகளை இயந்திரத்தில் ஏற்றிவிட்டுப் போவார். இடையில் ஒரு பிழை நேர்ந்தால் இயந்திரம் அந்தக் கணக்கை அப்படியே கைவிட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். திங்கட்கிழமை வந்து பார்த்தால் விடை இருக்காது. பிழை இருக்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்த இயந்திரத்துக்கு, அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துத் திருத்தத் தெரியக் கூடாதா என்ற எரிச்சலில் பிறந்தது 1950-ல் அவர் வெளியிட்ட முறை. பொய் சொல்லும் மனிதரும் பழுதான கம்பியும் கணக்குக்கு ஒன்றுதான்.

டீக்கடை மேசையில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடும் இதே குடும்பம். ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனம் 1994-ல் உருவாக்கிய அந்தச் சதுரத்தில், காவல் கேள்விகளுக்கான பதில்களும் கூடவே அச்சாகியிருக்கின்றன (இங்கே பயன்படுவது ரீட்-சாலமன் என்ற வேறொரு முறை). எண்ணெய்க் கறை படிந்து, ஓரம் கிழிந்தாலும் போன் படித்துவிடுகிறது. கோடின் தரநிலையைப் பொறுத்து சுமார் 7 முதல் 30 சதவீதம் வரை சேதத்தைத் தாங்கும்.

மூன்றாவது நிபந்தனை நம் கையில்

முதல் இரண்டு நிபந்தனைகளும் வங்கியின் பொறுப்பு. எண்ணைத் தேர்ந்தெடுப்பது நாம்.

மனிதர்கள் எண்ணை நினைக்கும்போது எல்லா எண்களையும் சமமாக நினைப்பதில்லை. 1 முதல் 10 வரை என்றால் 7 மற்ற எண்களைவிட அதிகமாக வரும். பின் நம்பரில் இந்தச் சாய்வு ஆபத்தானது. 2012-ல் நிக் பெரி என்பவர், வெளியே கசிந்த பாஸ்வேர்டுகளிலிருந்து நான்கு இலக்கமாக இருந்த சுமார் 34 லட்சத்தை எடுத்து அலசினார். கிட்டத்தட்ட 11 சதவீதம் 1234. அடுத்து 1111, சுமார் 6 சதவீதம். அதற்கடுத்து 0000. இந்த மூன்றை மட்டும் முயன்றாலே ஆறில் ஒருவரைவிட அதிகமானோர் மாட்டுவார்கள். பத்தாயிரத்தில் மூன்று என்று இருக்க வேண்டிய வாய்ப்பு இது. 19 என்று தொடங்கும் எண்களும் அதில் குவிந்திருந்தன, பெரும்பாலும் பிறந்த வருடம். அதே பர்ஸில் ஆதார் அட்டையும் இருந்தால் திருடனுக்கு ஊகிக்கும் வேலைகூட மிச்சம்.

ஓடிபியில் இந்தச் சாய்வு இல்லை, ஏனென்றால் அதை இயந்திரம் தேர்ந்தெடுக்கிறது. ஆறு இலக்கம், பத்து லட்சம் எண்கள், சில நிமிட ஆயுள், சில முயற்சிகளுக்கே அனுமதி. மூன்று நிபந்தனைகளும் நிறைவேறுகின்றன. அதனால்தான் திருடன் ஊகிக்க முயல்வதே இல்லை. "சார், பேங்க்லேர்ந்து பேசுறோம், உங்க கார்டு பிளாக் ஆயிடுச்சு, மெசேஜ்ல வந்த நம்பரைச் சொல்லுங்க" என்று கேட்கிறான். ஆமாம்/இல்லை என்று இருபது பதில்களில் பிழிந்து எடுக்க வேண்டியதை ஒரே பதிலில் வாங்கிக்கொள்கிறான். போனில் பேசுபவர் யாராக இருந்தாலும், வங்கிக்கு அந்த எண்ணை நம்மிடம் கேட்க வேண்டிய தேவையே கிடையாது. அதை அனுப்பியதே வங்கிதான்.

சரி, பின் நம்பரை எப்படித் தேர்ந்தெடுப்பது? பத்து சீட்டில் 0 முதல் 9 வரை எழுதி மடித்து, ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்கி, ஒன்றை எடுத்துக் குறித்துக்கொள்ளலாம். இப்படி நான்கு முறை. வருவது நினைவில் நிற்காத எண்ணாக இருக்கும், நான்கு நாள் பயன்படுத்தினால் விரலுக்குப் பழகிவிடும். ஒவ்வொரு முறையும் எடுத்த சீட்டைத் திரும்ப டப்பாவில் போட்ட பிறகுதான் அடுத்ததை எடுக்க வேண்டும். போடாமல் எடுத்தால் ஒரே இலக்கம் இரண்டு முறை வரவே வராது, 10,000 வாய்ப்புகள் 5,040 ஆகச் சுருங்கிவிடும்.